பெரிய டயர் போட்டா ஆக்சிலுக்கு என்ன பண்ணணும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபோர் வீல் டிரைவ் பிக்கப், ஜீப் மாதிரி வண்டிகள்ல 33, 35, 37 இன்ச்னு டயர் ஏத்த நினைக்கிறவங்க எல்லாரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேக்குறாங்க, அதை எல்லாம் இங்க ஒண்ணா சேர்த்திருக்கேன். என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். பெரிய டயர், லோ ரேஞ்ச் (ஃபோர் வீல்ல மெதுவா ஓட்ட இருக்குற அதிக இழுவை கியர்), பாறை இந்த மூணும் சேர்ந்தா என்னைக்காவது ஒருநாள் ஏதாவது ஒண்ணு உடையும். எது உடையணும்கிறதை நீங்கதான் முன்னாடியே முடிவு பண்ணி வச்சிருக்கணும், ஆக்சில் வேலைன்னா என்னைப் பொறுத்தவரை அதுதான்.

டயர் மட்டும் மாத்தினா போதாதா, ஆக்சிலை ஏன் தொடணும்?

லோ ரேஞ்ச்ல வண்டியோட டார்க்கை (முறுக்கு விசையை) ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. இன்ஜின் 350 நியூட்டன் மீட்டர், ஃபர்ஸ்ட் கியர் 4, டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஆக்சிலுக்கு சக்தியைப் பிரிச்சுத் தர்ற பெட்டி) 2.72, ஆக்சில் ரேஷியோ (வீல் ஒரு சுத்து சுத்த ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுத்து சுத்தணும்கிறது) 4.10னு வச்சுக்கோங்க, எல்லாத்தையும் பெருக்கினா 15,600 நியூட்டன் மீட்டர் வருது. இவ்வளவும் வீலைச் சுத்துற ஒரே ஆக்சில் ஷாஃப்ட்டுக்குப் போனா ஸ்டாக் ஷாஃப்ட் (கம்பெனியில இருந்து வந்தது) நிக்காது. ஆனா வழக்கமா அவ்வளவு போகாது, ஏன்னா அதுக்கு முன்னாடியே டயர் ஸ்லிப் ஆயிடும். ஷாஃப்ட்டைக் காப்பாத்துறதே அந்த ஸ்லிப்தான்.

டயர் ஸ்லிப் ஆகுற டார்க் எவ்வளவுன்னா, அந்த வீல் மேல இருக்குற வெயிட், தரையோட பிடிப்பு, டயரோட ஆரம், இந்த மூணையும் பெருக்கினா வர்றது. ஒரு வீல் மேல 700 கிலோ இருக்கு, பிடிப்பு 1னு எடுத்துக்கிட்டா, 31 இன்ச் டயர் சுமார் 2,700 நியூட்டன் மீட்டர்ல ஸ்லிப் ஆகும், 37 இன்ச் டயர் சுமார் 3,200 வரைக்கும் பிடிச்சுக்கிட்டு நிக்கும். அதாவது ஷாஃப்ட் தாங்க வேண்டிய சுமை கிட்டத்தட்ட 19 சதவீதம் ஏறிடுச்சு, நீங்க இன்ஜினைத் தொடக்கூட இல்ல. வண்டி சாய்ஞ்சு ஒரே வீல் மேல 1,200 கிலோ இறங்குச்சுன்னா அதே 37 இன்ச்ல 5,500 தாண்டிடும். இதுல காத்தைக் குறைச்சு ஓட்டினா பிடிப்பு இன்னும் கூடும். டயர் ரெண்டு பாறைக்கு நடுவுல மாட்டிக்கிச்சுன்னா ஸ்லிப்புங்கிற பேச்சே இல்ல, முழு டார்க்கும் ஷாஃப்ட் மேலதான்.

டயரோட சொந்த எடையும் இருக்கு. 31 இன்ச் டயர் சுமார் 20 கிலோன்னா 37 இன்ச் மட் டயர் 35 கிலோ கிட்ட வரும், அந்த எடையும் வெளி விளிம்புல சுத்துது. காத்துல வேகமா சுத்திக்கிட்டிருக்குற டயர் திடீர்னு தரையில பட்டு நிக்குறப்ப வர்ற அடி இருக்கே, நிறைய ஷாஃப்ட் உடையறது அந்த நொடியிலதான், மெதுவா ஏறும்போது இல்ல.

முதல்ல எது போகும்?

வண்டியைப் பொறுத்தது. முன் ஆக்சில்ல பெரும்பாலும் யு ஜாயின்ட் (வீல் திரும்புறப்ப ஷாஃப்ட் மடங்கிச் சுத்த விடுற இணைப்பு) இல்லன்னா அது உக்காந்திருக்குற ஷாஃப்ட் காது, பின்னாடி ஆக்சில் ஷாஃப்ட், அதுக்கு அப்புறம் கிரவுன் பினியன் (ஆக்சில் நடுவுல சுத்தலை வீல் பக்கம் திருப்பி விடுற ஜோடி கியர், பெருசு கிரவுன், சின்னது பினியன்) பல்லு.

உடையறதுக்கு முன்னாடி பல சமயம் ஷாஃப்ட்டே தகவல் சொல்லும். கழட்டி ஸ்ப்லைனைப் (ஷாஃப்ட் முனையில நீளவாக்குல வெட்டியிருக்குற பல்லு) பாருங்க, நேர் கோடா ஓட வேண்டிய பல்லு கொஞ்சம் சாய்வா திரும்பியிருந்தா அந்த இரும்பு முறுக்கின முறுக்குல இருந்து திரும்பி வரவே இல்லைன்னு அர்த்தம், அதை மறுபடி உள்ள போடாதீங்க. புது ஷாஃப்ட் போடுறப்பவே நீளவாக்குல பெயின்ட்ல ஒரு நேர்கோடு இழுத்து விட்டுடுங்க, அடுத்த தடவை கழட்டும்போது அந்தக் கோடு வளைஞ்சிருக்கான்னு ஒரு பார்வையிலயே தெரிஞ்சிடும். யு ஜாயின்ட் பக்கம் பாத்தா, கப் உக்கார்ற ஓட்டை வட்டமா இல்லாம கொஞ்சம் நீளமா இழுபட்டிருக்கும், காதோட ஓரத்துல மயிரிழை மாதிரி விரிசல் ஓடும், கிரீஸைத் துடைச்சாதான் கண்ணுக்குப் படும்.

கியர் ரேஷியோ மாத்தியே ஆகணுமா?

31ல இருந்து 33 போனா சமாளிச்சுக்கலாம், 35க்கு மேல போனா மாத்துங்க. கணக்கு சுலபம், பழைய ரேஷியோவைப் புது டயர் அளவால பெருக்கி பழைய டயர் அளவால வகுக்கணும். 3.73 ரேஷியோ, 31ல இருந்து 35னா 4.21 வருது, அப்படி ஒரு செட் கிடைக்காது, 4.10 இல்லன்னா 4.56. நான் 4.56 பக்கம்தான் சாய்வேன், ஏன்னா கணக்கு உயரத்தை மட்டும்தான் பாக்குது, டயரோட எடை, காத்து எதிர்ப்பு, பின்னாடி போட்ட பம்பர், வின்ச் எதையும் பாக்கல. 4.56 போட்டா பழைய டயர்ல 4.04 ரேஷியோ இருந்தா எப்படி இருக்குமோ அப்படி இருக்கும், கொஞ்சம் சுறுசுறுப்பா இருக்கும், அவ்வளவுதான். 37னா 4.88 யோசிங்க.

ரேஷியோ மாத்தாம விட்டா மைலேஜ் மட்டும் போகும்னு நினைக்காதீங்க. கிளட்ச், ஆட்டோ கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் இது எல்லாமே அதிக டார்க் சுமக்க வேண்டி வரும், ஏன்னா வீல்ல அதே தள்ளு கிடைக்கணும்னா ஆக்சில் பெருக்கித் தராததை முன்னாடி இருக்குற பாகங்கள்தான் தரணும். ஆட்டோமேட்டிக் வண்டியில கியர்பாக்ஸ் ஆயில் சூடாகி, மேல் கியருக்கும் கீழ் கியருக்கும் தேடிக்கிட்டே அலையும்.

ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லும். 31க்கு பதிலா 35 போட்டு எதையும் மாத்தலன்னா மீட்டர் 100 காட்டுறப்ப வண்டி 113ல போய்க்கிட்டிருக்கும்.

அப்போ ரேஷியோ எவ்வளவு பெருசோ அவ்வளவு நல்லதா?

இல்ல. ரேஷியோ நம்பர் ஏற ஏற பினியன் சின்னதாகும். 3.73ல பொதுவா 41க்கு 11 பல்லு, 4.10ல 41க்கு 10, 4.56ல 41க்கு 9, 4.88ல 39க்கு 8. கிரவுன் அதே விட்டம்தான், பினியன் தலை மட்டும் ஒல்லியாயிட்டே போகுது, ஒரே நேரத்துல கவ்வுற பல்லும் குறையுது. சின்ன ஆக்சில்ல பெரிய டயரும் 5க்கு மேல ரேஷியோவும் போட்டா முதல்ல போறது பினியனாதான் இருக்கும்.

பின் ஆக்சில் மட்டும் மாத்திட்டு முன்னாடி அப்புறம் பாத்துக்கலாமா?

மாத்தலாம், ஆனா முன்னாடியும் அதே ரேஷியோ வர்ற வரைக்கும் ஃபோர் வீல் போடவே கூடாது, மண்ணுல கூட கூடாது. 4.10க்கு 4.11, 4.56க்கு 4.55 மாதிரி சின்ன வித்தியாசம் பரவாயில்ல. அதுக்கு மேல போனா ரெண்டு ஆக்சிலும் ஒண்ணை ஒண்ணு முறுக்கிக்கிட்டு டிரான்ஸ்ஃபர் கேஸ் உடையும்.

கேரியரும் மாத்தணும்னு மெக்கானிக் சொல்றார், உண்மையா?

இருக்கலாம். கேரியர்ங்கிறது கிரவுனைத் தாங்குற டிஃப்ரன்ஷியல் கூடு. ஒரு கேரியர் எல்லா ரேஷியோவுக்கும் பொருந்தாது, கிரவுன் உக்கார்ற இடம் தள்ளி இருக்கும். டானா ஆக்சில் கம்பெனியோட பேரு, பின்னாடி வர்ற நம்பர் மாடல். டானா 30ல 3.55 வரைக்கும் ஒண்ணு, 3.73ல இருந்து இன்னொண்ணு. டானா 44ல 3.73 வரை, அப்புறம் 3.92ல இருந்து. டானா 60ல 4.10 வரை, அப்புறம் 4.56ல இருந்து. கேரியர் எப்படியும் மாத்தணும்னா லாக்கர் (ரெண்டு பக்க வீலையும் ஒண்ணாவே சுத்த வைக்கிற பூட்டு) போடணுமாங்கிறதை அப்பவே யோசிச்சுடுங்க, ரெண்டு தடவை கூலி கொடுக்குறதுல அர்த்தமே இல்ல.

கிரவுன் பினியன் வேலை சரியா நடந்திருக்கான்னு எப்படி தெரிஞ்சுக்கறது?

இந்த வேலையில மொத்த ஆயுசும் செட்டிங்லதான் இருக்கு, அதனால கூச்சப்படாம பக்கத்துல நின்னு கேளுங்க. பினியன் ஆழம் ஷிம்ல (மெல்லிசான தகடு) செட் பண்ணுவாங்க, பினியன் பேரிங் ப்ரீலோட் (பேரிங்கோட இறுக்கம்) இன்ச் பவுண்ட் ரெஞ்ச்ல பாப்பாங்க, பேக்லாஷ் (பல்லுக்கும் பல்லுக்கும் நடுவுல விடுற இடைவெளி) டயல் இண்டிகேட்டர்ல பாப்பாங்க. பேக்லாஷ் நிறைய ஆக்சில்களுக்கு 0.15ல இருந்து 0.25 மில்லிமீட்டருக்குள்ள வரும், உங்க செட்டோட தாள்ல போட்டிருக்குற நம்பர்தான் கடைசி. அப்புறம் பல்லுல மஞ்சள் மார்க்கிங் பேஸ்ட் தடவி சுத்திப் பாப்பாங்க, அந்தத் தடம் பல்லோட உச்சியிலயும் இல்லாம அடியிலயும் இல்லாம நடுவுல விழணும். அந்தத் தடத்தை போட்டோ எடுத்துக் கேளுங்க, நல்லா வேலை பண்றவர் கேக்காமலே எடுத்து வச்சிருப்பார்.

முதல் ஓட்டம் முக்கியம். 15, 20 நிமிஷம் மெதுவா ஓட்டி நிறுத்தி நல்லா ஆற விடுங்க, இப்படி சில தடவை பண்ணுங்க. முதல் 800 கிலோமீட்டர் வரைக்கும் டோயிங் வேண்டாம், அப்புறம் ஆயிலை மாத்திடுங்க. புது பல்லு முதல் தடவை ரொம்ப சூடாகும், அந்தச் சூட்டுல சுமை ஏத்தினா மேற்பரப்போட கடினத் தன்மை போயிடும், ஊளைச் சத்தம் அப்ப ஆரம்பிச்சா நிக்கவே நிக்காது.

எந்த ஆக்சில் எந்த டயர் வரைக்கும் தாங்கும்?

இதுக்கு ஒரே பதில் கிடையாது, வண்டி வெயிட், லாக்கர் இருக்கா, கால் எவ்வளவு கனம், எல்லாம் சேர்ந்ததுதான். ஆனாலும் கேக்குறீங்க, அதனால நான் எப்படி பாக்குறேன்னு சொல்றேன்.

டானா 35, கிரவுன் சுமார் 7.6 இன்ச், ஷாஃப்ட் 27 ஸ்ப்லைன். 31 இன்ச்சோட நிறுத்திக்குங்க, 33 போட்டா லாக்கர் வேண்டாம், அதுக்கு செலவு பண்றதைவிட ஆக்சிலையே மாத்துறது நல்லது. டானா 30 முன் ஆக்சில், 7.2 இன்ச் கிட்ட, 33க்கு போதும், நல்ல ஷாஃப்ட் போட்டு நிதானமா ஓட்டுறவங்க 35 வரைக்கும் கொண்டுபோறாங்க. டானா 44, 8.5 இன்ச் கிரவுன், 30 ஸ்ப்லைன், 35 நிம்மதியா, குரோமோலி (குரோமியம், மாலிப்டினம் கலந்த ஸ்டீல்) ஷாஃப்ட்டோட 37. ஃபோர்டு 8.8, அதுலயும் 1995ல இருந்து 2001 வரைக்கும் வந்த எக்ஸ்ப்ளோரர் வண்டியோட ஆக்சிலைத் தேடி எடுக்குறாங்க, 31 ஸ்ப்லைன், டிஸ்க் பிரேக்கோட வருது, ஜீப் ரேங்லர் டிஜே மாடல்ல இருக்குற அதே 5 போல்ட் 4.5 இன்ச் அளவு, 35க்கு அருமையான பின் ஆக்சில். 37க்கு மேல கனமான வண்டின்னா டானா 60, 9.75 இன்ச் கிரவுன், இல்லன்னா பின்னாடி ஜிஎம் 14 போல்ட், 10.5 இன்ச் கிரவுன், பினியன் மூக்குல மூணாவதா ஒரு பேரிங் வேற, இதை உடைக்கிறது ரொம்பக் கஷ்டம். ஆனா அதோட வயிறு கீழ தொங்கும், 35 இன்ச் டயரோட 14 போல்ட் போட்டீங்கன்னா பெரிய டயர் போட்டு சம்பாதிச்ச கிரவுண்ட் கிளியரன்ஸை ஆக்சிலே சாப்பிட்டுடும். 44 இன்ச்சுக்கு மேலன்னா ராணுவ லாரியோட இரண்டரை டன் ராக்வெல், 6.72 ரேஷியோ, அது ரோட்டுல ஓட்டுற வண்டிக்கு ஆகாது.

ஸ்ப்லைன் அதிகமா இருந்தா ஸ்ட்ராங்கா?

ஸ்ப்லைன் எண்ணிக்கை ஏறுறப்ப ஷாஃப்ட் விட்டம் ஏறுது, பலம் அந்த விட்டத்துலதான். முறுக்கு தாங்குற சக்தி விட்டத்தோட கன மடங்குல போகும். 30 ஸ்ப்லைன் சுமார் 1.3 இன்ச், 35 ஸ்ப்லைன் சுமார் 1.5 இன்ச், கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுபோலத்தான் தெரியும், பலமோ ஒன்றரை மடங்கு.

குரோமோலின்னா பெரும்பாலும் 4340 ஸ்டீல், அதே அளவுலயே ஸ்டாக் ஷாஃப்ட்டைவிட நல்லா தாங்கும், முறுக்கினாலும் திரும்பி வரும். விட்டத்தைக் கூட்ட வழியில்லாதவங்களுக்கு இதுதான் வழி. ஆனா குரோமோலி ஷாஃப்ட்டுக்குள்ள சாதா யு ஜாயின்ட் போட்டா பலவீனம் அப்படியே ஜாயின்ட்டுக்கு நகர்ந்துடும். அதை நான் தப்புன்னு சொல்லல, பாதை நடுவுல சுத்தியலும் சாக்கெட்டும் வச்சு மாத்தக்கூடிய பொருள் யு ஜாயின்ட், அதை வேணும்னே ஃபியூஸ் மாதிரி விட்டுவச்சு கூடவே ரெண்டு எக்ஸ்ட்ரா எடுத்துட்டுப் போறது ஒரு நல்ல திட்டம். கிரவுன் பினியன் உடைஞ்சா வண்டி அங்கேயே படுத்துடும், அதனால அது ஷாஃப்ட்டுக்கு முன்னாடி உடையக் கூடாது. நக்கிள், டை ராட், பால் ஜாயின்ட், வீல் பேரிங், ஹவுசிங் இதுங்க எந்தக் காலத்துலயும் முதல்ல உடையற பாகமா இருக்கவே கூடாது, அது உயிர் சம்பந்தப்பட்டது.

செமி ஃப்ளோட், ஃபுல் ஃப்ளோட்னா என்ன?

செமி ஃப்ளோட்ல ஷாஃப்ட் வண்டியோட எடையையும் சுமக்குது, முறுக்கையும் சுமக்குது. ஃபுல் ஃப்ளோட்ல எடையை ஹப்பும் ஸ்பிண்டிலும் பாத்துக்கும், ஷாஃப்ட்டுக்கு முறுக்கு மட்டும்தான் வேலை. ஃபுல் ஃப்ளோட்ல ஷாஃப்ட் உடைஞ்சா வெளிய போல்ட்டைக் கழட்டி ஷாஃப்ட்டை உருவிட்டு, மத்த ஆக்சில்ல ஓட்டிக்கிட்டு வீடு வந்து சேரலாம். செமி ஃப்ளோட்ல, அதுவும் ஷாஃப்ட்டை உள்ள சி கிளிப் (சி வடிவ வளையம்) மட்டும் பிடிச்சிருக்குற டைப்ல, ஷாஃப்ட் முறிஞ்சா டயர், டிரம் எல்லாத்தோடயும் வெளிய நழுவிக்கிட்டு வரலாம். எக்ஸ்ப்ளோரர் 8.8ம் சி கிளிப்தான், அதை எடுக்குறவங்க இதைத் தெரிஞ்சுக்கிட்டு எடுங்க. 37 மேல போறவங்க, லோடு ஏத்துறவங்க, டோ பண்றவங்க பின்னாடி ஃபுல் ஃப்ளோட்தான் போகணும்.

லாக்கர் போட்டா ஷாஃப்ட் சீக்கிரம் உடையுமா?

ஆமா. ஓப்பன் டிஃப்ரன்ஷியல்ல ரெண்டு ஷாஃப்ட்டுக்கும் எப்பவும் ஒரே டார்க்தான், ஒரு வீல் காத்துல சுத்துனா இன்னொண்ணுக்கும் அந்தக் கொஞ்சூண்டுதான் கிடைக்கும், வண்டி நகராது, ஆனா ஷாஃப்ட் பத்திரமா இருக்கும். லாக்கர் போட்டா பிடிப்பு இருக்குற ஒரே வீலுக்கு அந்த ஆக்சிலோட மொத்த டார்க்கும் போகும். அதனால லாக்கரும் நல்ல ஷாஃப்ட்டும் ஒரே நாள்ல போடணும். லாக்கர் இருந்தா ஆக்சிலரேட்டரை கம்மியா மிதிச்சு மெதுவா ஏறிடலாம், வேகமா வந்து முட்டி ஏறுற தேவை இல்ல, அப்படி ஓட்டத் தெரிஞ்சவங்க வண்டி லாக்கரோடதான் அதிக நாள் உழைக்குது.

முன் ஆக்சில்ல தனியா கவனிக்க வேண்டியது என்ன?

ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சு வச்சுக்கிட்டு மிதிக்காதீங்க. யு ஜாயின்ட் அந்தக் கோணத்துல காதுகளைப் பிளக்குற மாதிரி இழுக்கும், யு ஜாயின்ட்டுக்கு பதிலா உருண்டைகள் வச்ச சிவி ஜாயின்ட் இருந்தா அதுக்கும் அங்கதான் பலம் கம்மி. கொஞ்சம் நேராக்கிட்டு மிதிங்க.

முன் ஆக்சில் தேடுறவங்க ஹை பினியன் (பினியன் உயரத்துல உக்காந்திருக்குறது), ரிவர்ஸ் கட் கியர் (பல்லு எதிர்த் திசையில வெட்டினது) உள்ளதா பாருங்க, முன்னாடி வச்சு முன்னோக்கிப் போறப்ப பல்லோட பலமான பக்கம் வேலை செய்யும், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டும் கல்லுக்கு எட்டாம மேல இருக்கும்.

ஹவுசிங் வளையுமா?

வளையும், நிறைய பேர் பாக்காம விடுறது இதைத்தான். 2007ல இருந்து வந்த ரேங்லர் ஜேகே மாடல்ல ரூபிகான்ங்கிற வகைக்கு முன் ஆக்சிலா டானா 44 கொடுத்தாங்க, ஆனா டியூப் டானா 30 வண்டியோட அதே 2.5 இன்ச்தான். கியர் தாங்குது, 37 டயரோட ஒரு குதி குதிச்சா டியூபும் முனையில நக்கிளைப் பிடிச்சிருக்குற சி வடிவ ஃபோர்ஜிங்கும்தான் வளையுது.

கண்டுபிடிக்க வழி இருக்கு. முன் டயர் ரெண்டும் உள் ஓரத்துல மட்டும் தேயும், ஆக்சில் சீல் மாத்தி மாத்தி லீக் ஆகும், ஷாஃப்ட்டை உள்ள நுழைக்கிறப்ப டிஃப்ரன்ஷியல் ஸ்ப்லைன் நேரா வராம அடம்பிடிக்கும். அலைன்மென்ட்ல ரெண்டு பக்கமும் கேம்பர் நெகட்டிவ் (டயரோட மேல் பக்கம் உள்ள சாய்ஞ்சிருக்குறது) காட்டுனா ஏறக்குறைய உறுதி. சி ஃபோர்ஜிங்குக்கு கஸெட் (முட்டுத் தகடு) வெல்டு பண்றது, மேல ட்ரஸ் (தாங்கு சட்டம்) போடுறது, டியூபுக்குள்ள ஸ்லீவ் இறக்குறது, எல்லாம் நல்ல வேலைதான், ஆனா நேரா இருக்குறப்ப பண்ணணும். நடு உருண்டை வார்ப்பு இரும்பு, டியூப் ஸ்டீல், ரெண்டையும் சேர்த்து வெல்டு வைக்கணும்னா முன்னாடி சூடேத்தணும், அதுக்கேத்த ராட் வேணும், மெதுவா ஆற விடணும். ஒரே இடத்துல நீளமா வெல்டு இழுத்தா அந்தச் சூடே ஹவுசிங்கை வளைச்சுடும், சின்னச் சின்னதா இடம் மாத்தி மாத்தி வைக்கச் சொல்லுங்க.

ஸ்பேசர், வெளிய தள்ளின ரிம் போடலாமா?

டயர் வெளிய போகப் போக வீல் பேரிங், பால் ஜாயின்ட் மேல நெம்புகோல் நீளுது. ஸ்டியரிங் ஆர்ம்ல உரசாத அளவுக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு போதும்.

பிரேக், ஸ்டியரிங்?

பிரேக் ஆக்சில் வேலையோட ஒரு பகுதி, தனிச் செலவுன்னு தள்ளிப்போடாதீங்க. டயர் ஆரம் கூடினா அதே பிரேக்குக்கு அதே வண்டியை நிறுத்த அதிக பலம் வேணும், கூடவே கனமான டயரோட சுழற்சியையும் நிறுத்தணும். பெரிய ஆக்சில்லயே பெரிய ரோட்டர், காலிப்பர் வந்துடும், ஆனா அதுக்கேத்த மாஸ்டர் சிலிண்டர் இல்லன்னா பெடல் தரை வரைக்கும் இறங்கும். புது வண்டின்னா ஏபிஎஸ் சென்சர் அளவு, டோன் ரிங் (அந்த சென்சர் வேகத்தை அளக்குற பல் வளையம்) பல்லு எண்ணிக்கை எல்லாம் பொருந்துதான்னு ஆக்சில் வாங்குறதுக்கு முன்னாடியே பாத்துடுங்க.

ஸ்டியரிங்ல டை ராட், டிராக் லிங்க் ரெண்டும் தடியா வேணும். முன்னாடி ஆக்சில் படபடன்னு உதற ஆரம்பிச்சா ஸ்டியரிங் டாம்பர் மாத்தி மூடி மறைக்காதீங்க, டிராக் பார் (ஆக்சில் பக்கவாட்டுல நகராம பிடிக்கிற கம்பி) போல்ட், பால் ஜாயின்ட், காஸ்டர் கோணம் (ஸ்டியரிங் அச்சு முன்பின்னா சாய்ஞ்சிருக்குற கோணம்), டயர் பேலன்ஸ் ஒவ்வொண்ணா பாருங்க. பெரிய டயர் இதை உருவாக்குறதில்ல, இருக்குற தளர்வை வெளிய காட்டிக் கொடுக்குது.

முன்னாடி இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன் (ரெண்டு வீலும் தனித்தனியா ஏறி இறங்குறது) இருக்கு, என்ன பண்ண?

33 வரைக்கும் அப்படியே ஓட்டலாம், வண்டியை அளவுக்கு மீறித் தூக்காதீங்க, தூக்கத் தூக்க சிவி கோணம் ஏறி பூட் கிழியும், ஜாயின்ட் போகும். டிஃப்ரன்ஷியலைக் கொஞ்சம் கீழ இறக்குற கிட் அந்தக் கோணத்தைக் குறைக்கும். 37க்கு மேல சீரியஸா பாறை ஏறணும்னா சாலிட் ஆக்சில் மாத்துறாங்க, அது வேற அளவு வேலை, ஃப்ரேம்ல வெட்டு ஒட்டு இருக்கு.

இருக்குற ஆக்சிலை பலப்படுத்தவா, வேற ஆக்சிலே மாத்தவா?

ஷாஃப்ட், லாக்கர், கியர், ட்ரஸ், பிரேக் எல்லாத்தையும் ஒரு தாள்ல எழுதிக் கூட்டிப் பாருங்க. டானா 30, 35 மாதிரி சின்னதுக்கு இவ்வளவும் போட்டா கடைசியில கிரவுன் விட்டம் அதேதான், அதை எந்தக் காசும் பெருசாக்காது. 35 போட்டு அங்கேயே நிக்கப்போறீங்கன்னா டானா 44ஐ பலப்படுத்துங்க. இன்னும் ரெண்டு வருஷத்துல 40 போகணும்னு இப்பவே மனசுல இருந்தா இப்பவே டானா 60 வாங்குங்க, நடுவுல செலவு பண்ணாதீங்க.

மாத்துறப்ப அகலத்தை வீல் பதியுற முகத்துல இருந்து முகத்துக்கு அளங்க. பினியன் இடதா வலதான்னு பாத்து டிரான்ஸ்ஃபர் கேஸோட பொருத்துங்க. 8 போல்ட் வந்தா நாலு ரிம்மும் ஸ்டெப்னியும் மாறணும். பின்னாடி பினியன் கோணம் முக்கியம், ரெண்டு பக்கமும் ஒத்தை ஜாயின்ட் உள்ள ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்னா பினியனும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முனையும் இணையா இருக்கணும், மேல டபுள் கார்டன் (ரெண்டு யு ஜாயின்ட் சேர்ந்த இணைப்பு) இருந்தா பினியன் நேரா அதையே பாக்கணும், ஒண்ணு ரெண்டு டிகிரி கீழ இறக்கி வச்சா ஓடுறப்ப சரியா வந்துடும். வண்டி நாலு டயர்ல முழு எடையோட நிக்குறப்ப கோணம் பாத்துட்டுதான் ஸ்பிரிங் பேடை முழுசா வெல்டு பண்ணணும்.

டயர் அளவு, ஆக்சில் மாத்தறதுக்கெல்லாம் ஒவ்வொரு நாட்டுலயும் வேற வேற சட்டம், இன்ஷூரன்ஸுக்கும் இது போய்ச் சேரும், வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எழுத்துல கேட்டு வாங்குங்க.

போர்ட்டல் ஆக்சில் பத்தி?

யூனிமோக், ஹம்வீ மாதிரி வண்டிகள்ல வீல் பக்கத்துலயே ஒரு கியர் இருக்கும். ஹம்வீல அது 1.92 மடங்கு, அதனால ஷாஃப்ட்டும் கிரவுன் பினியனும் வீல் டார்க்ல பாதி அளவைத்தான் சுமக்குது, டிஃப்ரன்ஷியலும் உசரத்துல உக்காந்திருக்கு. அழகான ஏற்பாடு. கூடுதல் சீல், கூடுதல் ஆயில், கூடுதல் எடை எல்லாம் சேர்ந்தே வரும்.

எல்லாம் போட்டாச்சு, இனி என்ன பாத்துக்கணும்?

முதல் 100 கிலோமீட்டர்ல வீல் நட், யு போல்ட், டிராக் பார் போல்ட் எல்லாத்தையும் டார்க் ரெஞ்ச்ல குறிச்ச அளவுக்கு இறுக்குங்க, அப்புறம் 500ல ஒரு தடவை. ஆழமான தண்ணியில இறங்கினா வீட்டுக்கு வந்ததும் டிஃப்ரன்ஷியல் ஆயிலை விரல்ல எடுத்துப் பாருங்க, பால் கலந்த நிறத்துல இருந்தா தண்ணி போயிருக்கு, அன்னைக்கே மாத்துங்க. ப்ரீதர் ட்யூபை (ஆக்சில் மூச்சு விடுற குழாய்) உயரத்துல கொண்டுபோய்க் கட்டுங்க. டிரெயின் பிளக் காந்தத்துல மெல்லிசா சாம்பல் பசை ஒட்டியிருந்தா அது இயல்பான தேய்மானம், நகத்துல தட்டுற அளவுக்கு துண்டு இருந்தா மூடியைத் திறங்க. ஒவ்வொரு கடுமையான ஓட்டத்துக்கு அப்புறமும் வீலைத் தூக்கி மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டிப் பாத்துடுங்க, ஆட்டம் இருந்தா அடுத்த ஓட்டத்துக்கு முன்னாடி அது பேரிங்கா, பால் ஜாயின்ட்டா, இல்ல சில ஆக்சில்ல பால் ஜாயின்ட்டுக்கு பதிலா இருக்குற கிங்பின்னான்னு தெரிஞ்சாகணும்.